பொன்னும் செங்கோலும்: புகார் நகரச் செல்வம் காப்பிய உலகை ஆண்டதா?

கற்பனை உலகம் ஒன்றைப் படைக்கும் ஆசிரியன் அவ்வுலகில் பல நாடுகளை வைக்கின்றான்; நாடுதோறும் ஒரு மன்னனை வைக்கின்றான். அவற்றின் இடையே படையால் சிறியதும் பொருளால் பெரியதுமாகிய ஒரு நகரத்தையும் வைத்துவிட்டால், படிப்போர் உள்ளத்தில் ஒரு வினா தானே எழும். மன்னர் எல்லாரும் அந்நகரத்தாரிடம் கடன்பட்டிருக்க, கடன் கொடுத்த நகரமே அவ்வுலகை ஆளாதோ என்பதே அவ்வினா. அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டினுடைய பெருங்கதைத் தொடர் 1996ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. அதில் வரும் பிராவோஸ் என்னும் நகரத்து வங்கி, கடனைத் திருப்பாத மன்னனைக் கைவிட்டு அவன் பகைவனுக்குப் பொருள் கொடுக்கின்றது. அக்கதையை நூலாகவும் திரைத்தொடராகவும் அறிந்த இளைஞர் பலர், பொன் உள்ள இடத்தில்தான் ஆட்சி உள்ளது என்னும் முடிவுக்கு எளிதாக வந்துவிடுகின்றனர்.

தமிழ் கற்போர்க்கு இவ்வினா புதியதன்று. வணிகப் பெருநகரம் ஒன்றை நடுவில் வைத்து, முடியுடை வேந்தர் மூவரின் நாடுகளையும் சுற்றிலும் வைத்து, தெய்வமும் பூதமும் உலவும் உலகம் ஒன்றை இளங்கோவடிகள் படைத்திருக்கின்றார். சிலப்பதிகாரத்தைக் குடிமக்கள் காப்பியம் என்று தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அழைத்தார். அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் அப்பெயரைப் பிடித்துக்கொண்டு வேறொரு கருத்தையும் சிலர் வகுப்பறைகளில் சொல்லிவருகின்றனர். மன்னர் இருக்க வணிகரைத் தலைமக்களாக வைத்ததனால், மன்னரினும் வணிகரே வலியர் என்று அடிகள் கருதினார் என்பது அவர்தம் கூற்று. புகாரின் செல்வமே அக்காப்பிய உலகின் உண்மையான அரசு என்றும், பாண்டியன் வீழ்ந்தது ஒரு வணிகக் குடும்பத்தின் வலிமையால் என்றும் அவர்கள் விளக்குவர்.

இக்கருத்து காப்பியத்தோடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. காப்பியம் சொல்வதை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் ஒன்றும் அருகிலேயே இருக்கின்றது. கடல் வாணிகத்தால் எழுந்து, தமிழ் வணிகரின் பொன்னையும் புகழையும் வீழ்ச்சியையும் கண்ட மலாக்கா நகரமே அது.

புகாரின் பெருவளம்

புகாரின் செல்வத்தை அடிகள் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. காப்பியத்தின் தொடக்கத்திலேயே இரு பெருங்குடிகள் மணத்தால் இணைகின்றன. கண்ணகியின் தந்தை மாநாய்கன். நாய்கன் என்பது கப்பல் வாணிகனைக் குறிக்கும் சொல். கோவலனின் தந்தை மாசாத்துவான். சாத்து என்பது தரைவழிச் செல்லும் வணிகக் கூட்டம். ஆகவே இத்திருமணம் கடல் வாணிகமும் தரை வாணிகமும் கைகோத்த திருமணம் எனலாம். ஊருக்கு அச்செய்தியை அறிவிக்க மகளிர் யானைமேல் ஏறிச் செல்கின்றனர். அரசர் மனைக்குரிய சிறப்பு வணிகர் மனைக்கும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இந்திரவிழவூர் எடுத்த காதையில் நகரம் முழுவதும் நம் கண்முன் விரிகின்றது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருப்பிடங்களும், பல மொழி பேசுவோர் கலந்து உறையும் இடங்களும் உள்ளன. பட்டும் பவளமும் சந்தனமும் அகிலும் முத்தும் மணியும் பொன்னும் அளவில்லாமல் குவிந்து கிடக்கும் வீதிகள் உள்ளன. உள்நகராகிய பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் வணிகர் வீதியும் அந்தணர் வீதியும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையில் நாளங்காடி. இத்தகைய நகரம் மற்ற நகரங்களை விலைக்கு வாங்கிவிடும் என்று ஒருவர் எண்ணினால் அது இயல்பே.

ஆயினும் கோவலனின் குடியை அறிமுகம் செய்யும் இடத்திலேயே அடிகள் ஒரு குறிப்பை வைத்திருக்கின்றார். பெருநிலம் ஆளும் மன்னன் முதன்மை தந்து வைத்த குடிகளோடு சேர்ந்தே அக்குடி உயர்ந்து நிற்கின்றது என்பது அவர் சொல்லும் செய்தி. பொருள் வணிகன் ஈட்டியது. முதன்மை மன்னன் கொடுத்தது. வணிகருட் சிறந்தோர்க்கு எட்டி என்னும் பட்டமும் பொற்பூவும் அரசன் அளித்தனவே. செல்வன் தன் பொன்னைக் கொண்டு தானே ஒரு பூச் செய்து சூடிக்கொள்ளலாம். ஆனால் அதனை எட்டிப்பூ என்று ஊர் ஒப்புக்கொள்ளாது.

ஆயிரத்தெட்டுக் கழஞ்சு

அரங்கேற்று காதையில் இக்கருத்து இன்னும் தெளிவாகின்றது. மாதவியின் ஆடலைக் கண்ட சோழ மன்னன் அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பரிசாக அளிக்கின்றான். பின்னர், அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சுக்கு மாலையை வாங்குவோன் மாதவிக்கு மணமகன் ஆகலாம் என்று கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் மறுகில் நின்று கூறுகின்றாள். கோவலன் அம்மாலையை வாங்குகின்றான்.

மன்னன் கொடுத்த தொகையும் வணிகன் கொடுத்த தொகையும் ஒன்றே. இந்த ஒப்புமை தற்செயலாக வந்திருக்க இயலாது. பொன்னளவில் புகாரின் வணிக மகன் சோழனுக்கு நிகரானவன் என்பதை அடிகள் கணக்கிட்டே காட்டுகின்றார். ஆனால் கழஞ்சுக் கணக்கில் அடங்காத ஒன்று மன்னனிடத்தில் மட்டும் இருக்கின்றது. அதுவே தலைக்கோல். கோவலன் ஆயிரத்தெட்டைப் பத்து மடங்காக்கிக் கொடுத்தாலும் அப்பட்டத்தை அவனால் வழங்க முடியாது. அவனுடைய பொன் மாதவியின் வீட்டு வாயிலைத் திறந்தது. மாதவிக்குப் புகழைத் தந்ததோ அரசவை. வகுப்பில் இக்காதையை நடத்தும் ஆசிரியர்கள் இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிக் காட்டினால் மாணவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

பொதிகளும் பூதமும்

வணிக நகரத்தின் உயிர் நம்பிக்கை. ஒருவன் பண்டத்தை மற்றொருவன் காவலில் விட்டுச் செல்ல இயல வேண்டும். எழுதிய கணக்கு எழுதியபடி நிற்க வேண்டும். சாட்சி பொய்க்காதிருக்க வேண்டும். இந்த நம்பிக்கை புகாரில் எதனால் நின்றது என்பதை ஐவகை மன்றங்கள் காட்டுகின்றன. அவற்றுள் மூன்று இங்கே கருதத்தக்கவை.

வெள்ளிடை மன்றத்தில், உரியவர் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. வாயிலும் இல்லை, தாழும் இல்லை, காவலரும் இல்லை. அவற்றைத் திருட வருவோன் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கழுத்து நோவச் சுற்றிச் சுற்றி வருவானேயன்றி, அதனைக் கொண்டு வெளியேற மாட்டான். பூத சதுக்கத்தில், பொய்ச்சான்று சொல்வோர் முதலிய தீயோரைப் பூதம் கயிற்றால் கட்டிக் கொல்லும். பாவை மன்றத்தில் ஒரு பாவை நிற்கின்றது. அரசனின் கோல் கோடினாலும், அறங்கூறும் அவையம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அது வாய் திறவாமல் கண்ணீர் விடும்.

இம்மூன்றும் வணிகத்துக்கு இன்றியமையாதவை. முதலாவது சரக்குக்குக் காவல். இரண்டாவது சான்றுக்குக் காவல். மூன்றாவது தீர்ப்புக்குக் காவல். இவற்றுள் எதனையும் வணிகர் விலைகொடுத்து நிறுவியதாக அடிகள் கூறவில்லை. வணிகரின் பொன்னுக்குப் புறத்தே நின்று அப்பொன்னுக்குக் காவலாய் இருப்பவையே இவை. பட்டினப்பாலையும் இதற்கு ஒத்த செய்தியைத் தருகின்றது. அங்கே துறைமுகத்துப் பண்டங்களின்மேல் சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்படுகின்றது. அச்சின்னம் விழுந்த பின்னரே பொதி பொதியாகின்றது.

அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர வேண்டும். பொய்ச்சான்று சொன்ன ஒருவனைப் பூதம் பற்றிக்கொள்ள, அவன் தாய் துடிக்கின்றாள். கோவலன் அவனுக்கு ஈடாகத் தன் உயிரைக் கொள்ளுமாறு பூதத்தை வேண்டுகின்றான். பூதம் மறுத்துவிடுகின்றது; கீழ்மகன் உயிருக்கு மேன்மகன் உயிரைக் கொள்வது முறையன்று என்பது அதன் விடை. பின்னர்க் கோவலன் அக்குடும்பத்தாரைத் தன் பொருளால் பல ஆண்டு காக்கின்றான். செல்வம் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தீர்ப்பை அது மாற்றவில்லை; தீர்ப்பால் ஆதரவற்றுப் போனவர்க்குச் சோறு போட்டது. கோவலனின் பெருமையும் அதுவே. புகார்ப் பொன்னின் எல்லையும் அதுவே.

மதுரையில் ஒரு பெயர்

புகார் எல்லையைக் கடந்ததும் நிலைமை மாறுகின்றது. சிலம்பை முதலாக வைத்து, இழந்த பொருளை மதுரையில் ஈட்டுவதே கோவலனின் எண்ணம். முதல் என்பது வணிகர் சொல். கடைவைத்தோர் எவரும் அதனை அறிவர். மதுரைக் கடைவீதிகளைக் கோவலன் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் மணிகளின் குற்றமும் குணமும் விரிவாகப் பேசப்படுகின்றன. வணிக நூலறிவு அங்கே குறைவில்லை. குறைவு வேறொன்றில் உள்ளது. அந்நகரில் அவனை இன்னான் என்று அறிந்து சொல்ல எவரும் இல்லை.

கோவலன் அப்போது வறியவன் ஆகிவிட்டானே, அவன் வீழ்ச்சி வறுமையின் வீழ்ச்சியேயன்றிச் செல்வத்தின் தோல்வி எவ்வாறு ஆகும் என்று கேட்கலாம். தக்க வினாதான். ஆனால் வறியவன் ஆனது மகன்; தந்தையின் வீடு அன்று. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் வந்து சொல்லும் செய்தியில், மாசாத்துவான் பெருநிதிக்கு உரியவனாகவே இருக்கின்றான். மணியை இழந்த நாகம்போல் பெற்றோர் வாடுகின்றனர். மகனைத் தேட ஏவலாளர் எல்லாப் பக்கமும் போயிருக்கின்றனர். பின்னரும் மாசாத்துவான் தன் பெரும்பொருளைத் தானமாக வழங்கிய பிறகே துறவு பூணுகின்றான். ஆகவே புகாரில் பொன் இருந்தது. தேடும் ஆளும் இருந்தனர். மதுரையில் ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய் அரசன் செவியை அடைந்த அந்தச் சிறிது நேரத்துக்குள் அவற்றுள் எதுவும் கோவலனுக்கு உதவ வரவில்லை.

தேவியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் வழியில், ஆராயாமல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பாண்டியன் போய்விடுகின்றான். அச்சொல் பெருங்குடி மகனைக் கொல்லப் போதுமானதாகிவிடுகின்றது. புகாரின் பாவை அங்கே இல்லை. கண்ணீர் விட எதுவும் இல்லை. கடன் கொடுத்தும் கொண்டும் வாழும் நகரத்தின் வலிமை, அதன் பெயரை மதிக்கும் எல்லை வரையில்தான் செல்லும். அவ்வெல்லைக்கு அப்பால் மாசாத்துவான் மகன் என்பது வெறும் பெயர்.

கண்ணகி சொன்ன புகார்

அவ்வாறாயின் பாண்டியனை வீழ்த்தியது எது? வழக்குரை காதையைக் கருத்தோடு படித்தால் விடை கிடைக்கும். நீ யார் என்று மன்னன் கேட்கின்றான். பொன்னே ஆளும் என்பார் கருத்து உண்மையாயின், கண்ணகி தன் இரு குடிகளின் கப்பல்களையும் பண்டசாலைகளையும் சொல்லியிருக்க வேண்டும். அவள் அவ்வாறு சொல்லவில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனை முதலில் கூறுகின்றாள்; பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனை அடுத்துக் கூறுகின்றாள். அவர்கள் வாழ்ந்த ஊர் புகார், அதுவே என் ஊர் என்கின்றாள். பிறகே மாசாத்துவான் குடி வருகின்றது. அப்போதும் அக்குடியின் பழிப்பில்லாத சிறப்பு சொல்லப்படுகின்றதேயன்றி அதன் நிதி சொல்லப்படவில்லை. வாழ்வு தேடி வந்தவன் என்றே கணவனைக் குறிக்கின்றாள்.

எனவே கண்ணகி மதுரை மன்றத்துக்குக் கொண்டுவந்த புகார் செல்வப் புகார் அன்று. முறை செய்த புகார். அங்காடியின் பெயரால் அவள் வழக்காடவில்லை. பாவை மன்றத்தின் பெயரால் வழக்காடினாள் எனலாம். அடுத்து அவள் வைத்த சான்று ஒன்றே. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்பது மன்னன் வாயாலேயே வெளிவருகின்றது. சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது. மாணிக்கத்தின் விலை அங்கே பேசப்படவில்லை. மாணிக்கம் என்பதே போதும். விலையுயர்ந்த பொருள் ஒன்று, விலையால் அன்றி உண்மையால் வென்ற இடம் அது.

பாண்டியனும் பொருளுக்கு அஞ்சி உயிர் விடவில்லை. தன் கோல் வளைந்தது என்னும் உணர்வினால் விட்டான். காப்பியத்தின் பதிகம் மூன்று உண்மைகளை முன்வைக்கின்றது. அரசியலில் பிழைத்தவரை அறமே கொல்லும் என்பது ஒன்று. பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பது ஒன்று. முன்வினை வந்து தன் பயனை ஊட்டும் என்பது ஒன்று. புகாரின் வளத்தை இவ்வளவு விரிவாகப் பாடிய அடிகள், செல்வம் ஆளும் என்பதை நான்காவது உண்மையாகச் சேர்க்கவில்லை.

மலாக்காவின் சான்று

காப்பிய உலகில் இது பொருந்தும். நடைமுறை உலகில் பொன்னுக்கு நிகர் ஏது என்பார்க்கு மலாக்காவின் வரலாறு விடை சொல்லும். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த இத்துறைமுகம் தனக்கு வேண்டிய அரிசியைக்கூட வெளியிலிருந்தே பெற்றது. வாணிகமே அதன் வயல். குஜராத்தியர்க்கு ஒருவர், தமிழர் முதலியோர்க்கு ஒருவர், சாவகர் முதலியோர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர் என நான்கு சாபந்தர்கள் துறையை நடத்தினர். போர்ச்சுக்கீசியரான தோமே பிரஸ் 1512 முதல் 1515 வரை எழுதிய நூலில், இந்நகரின் வாணிகத்தை வெனிஸ் நகரின் வாழ்வோடு பிணைத்தே பேசுகின்றார். புகாரின் இடத்தில் வைத்து எண்ணத்தக்க நகரம் இதுவே.

செஜாரா மெலாயு கூறும் ஒரு வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. நீனா சுரா தேவானா என்னும் வணிகர் தலைவனுக்கும் சாபந்தராகிய ராஜா முதலியாருக்கும் பூசல் மூண்டது. வழக்கு பெண்டஹாரா முத்தாகிரிடம் சென்றது. வணிகன் இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொண்டுபோய்க் கொடுத்தான். கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் இதனை எதிராளிக்குச் சொன்னான். எதிராளியோ லட்சமணாவுக்குப் பொன் கொடுத்து, பெண்டஹாரா அரசைக் கவரச் சூழ்ச்சி செய்கின்றார் என்று சுல்தான் மகமூதின் செவியில் ஏற்றினான். சுல்தான் ஆராயவில்லை, பெண்டஹாரா 1510ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். குற்றம் பொய்யென்று பின்னர்த் தெரிந்தபோது பழிசொன்னோரும் கொல்லப்பட்டனர்.

மதுரைக் கதையின் சாயல் இதில் படிந்திருப்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரு பக்கத்தாரும் பொன்னை இறைத்தனர். பொன் ஒரு செவியிலிருந்து மற்றொரு செவிக்குப் பொய்யைக் கொண்டுசென்றது. ஆனால் வாளைத் தூக்கியது ஒரே ஒரு கை; அது பொன் கொடுத்தவன் கை அன்று. பொன் கொடுத்து வாங்கிய தீர்ப்பு, கொடுத்தவனையே வந்து கொன்றது.

அடுத்த ஆண்டாகிய 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சிறைப்பட்டிருந்த போர்ச்சுக்கீசியர்க்கு முன்னரே உதவியிருந்த நீனா சத்து என்னும் தமிழ் வணிகரை ஆல்புகெர்க் பெண்டஹாராவாக அமர்த்தினார். பெகுவுக்கும் சீனத்துக்கும் சென்ற வாணிக முயற்சிகளில் அவர் புதிய ஆட்சியாளரோடு பங்காளியாக இருந்தார். ஒரு தமிழ் வணிகரின் பொருளும் ஆட்சிப் பதவியும் ஒரே இடத்தில் கூடிய காலம் அது. மாசாத்துவான்கூட எட்டாத உயரம் எனலாம். ஆயினும் அப்பதவி சில ஆண்டுகளே நிலைத்தது. 1514ஆம் ஆண்டில் அதனைக் கம்பார் மன்னருக்குக் கொடுத்துவிட முடிவாயிற்று. மானம் பொறாத நீனா சத்து சந்தனக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அதில் புகுந்தார் என்று போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். பதவியைக் கொடுத்த கை எடுத்தும் கொண்டது. கப்பல்களை உடையவர்க்கு அதனைத் தடுக்க வழி இல்லை.

மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்குரிய நிலம் டச்சு ஆட்சியார் கொடுத்தது. கோயில் இன்றும் வழிபாட்டோடு விளங்குகின்றது. ஆட்சிகள் மாறிய நகரில் வணிகர் குலம் ஒன்று நிலைபெறச் செய்தது ஆட்சியை அன்று. ஒரு கோயிலையும் ஒரு மரபையும் என்பது எண்ணத்தக்கது.

கடன் கொடுத்தோர் கதி

கடன் கொடுத்தல் ஒன்றையே தொழிலாகக் கொண்டோர் நிலை இன்னும் தெளிவான பாடம் ஆகும். பர்மாவில் நகரத்தார் செய்த கொடுக்கல் வாங்கல் உலகறிந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930ஆம் ஆண்டளவில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமையால், 1930களின் முடிவுக்குள் அது நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. கணக்குப் புத்தகத்தின்படி அவர்கள் அம்மாவட்டங்களின் கால்பங்குக்கு உரிமையாளர். நடந்தது என்ன? ஜப்பானியர் படையெடுப்பால் 1942இல் ஊர் திரும்ப நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் நில உடைமைச் சட்டம் அவர்தம் நிலங்களை அரசுடைமை ஆக்க வழி செய்தது. வேண்டிப் பெற்ற நிலம் அன்று அது. கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த அளவே பகையும் வளர்ந்தது.

ஐரோப்பாவிலும் இதுவே கதை. பிளாரன்ஸ் நகரின் பார்டி, பெருஸ்ஸி என்னும் இரு பெரும் வங்கிக் குடும்பங்கள் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டுக்குப் பெருங்கடன் கொடுத்தன. மன்னன் திருப்பிக் கொடுக்கவில்லை. 1340களில் இரண்டும் முறிந்தன. சிறிய கடன்பட்டோன் கொடுத்தவனுக்கு அஞ்சுவான். பெரிய கடன்பட்ட மன்னனுக்கோ கொடுத்தவன் அஞ்ச வேண்டியிருக்கும்.

ஒரு தடையும் விடையும்

வணிகர் ஆண்டதே இல்லையா என்று தடை எழுப்புவோர்க்கு இரு சான்றுகள் கிடைக்கும். ஜெனோவா நகரில் 1407இல் தோன்றிய புனித ஜார்ஜ் வங்கி, 1453ஆம் ஆண்டு முதல் கார்சிகாத் தீவையே ஆண்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1765இல் வங்காளத்தின் வரி தண்டும் உரிமையைப் பெற்று, பின்னர் ஒரு பெருநாட்டையே ஆண்டனர். இச்சான்றுகளை மறுக்க இயலாது, மறுக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் எவ்வாறு ஆண்டனர் என்பதைப் பார்த்தல் வேண்டும். கார்சிகாவில் வங்கிக்குக் கோட்டையும் படையும் வேண்டியிருந்தன. கலகங்களை அடக்க வேண்டியிருந்தது. 1562இல் தீவை ஜெனோவா அரசுக்கே திருப்பிக் கொடுத்தது. கம்பெனியாரோ படை திரட்டி, கோட்டை கட்டி, வரி வாங்கி, தீர்ப்பும் சொன்னபின் வணிகர் என்னும் பெயரை மட்டுமே வைத்துக்கொண்டிருந்தனர். முடிவில் அவர்தம் வாணிகமே நின்று போயிற்று. பொன் ஆள வேண்டுமாயின் அது வாளாக மாற வேண்டும். மாறியபின், ஆள்வது வாளே. தன் அளவில் நின்று, கணக்கையும் நம்பிக்கையையும் மட்டும் கொண்டு ஓர் உலகை ஆண்ட நகரம் என்பது அரிது. அத்தகைய நகரத்தைக் கற்பனையில் படைக்கும் ஆசிரியனும், அதன் கடன் சீட்டை மன்னர்கள் ஏன் மதிக்கின்றனர் என்பதற்கு ஒரு காரணம் காட்டியே ஆக வேண்டும். காரணம் இல்லாவிடில் கதை நிற்காது. அடிகள் காரணம் காட்டியிருக்கின்றார். பூதமும் பாவையும் புலிக்கொடியும் காக்கும் வரையில் புகார் புகாராக இருந்தது. மணிமேகலையிலும் அந்நகரம் கடலில் மறைவதற்குக் காரணம் வணிகம் குன்றியது அன்று. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திரவிழாவை மறந்ததே. நகரைக் காத்த முறை ஒன்று தவறியது. குவிந்து கிடந்த பொன் அலையைத் தடுக்கவில்லை.

கற்பிப்போர் கருத்துக்கு

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் அன்று. மலாக்காவின் தோட்டப் பள்ளிகளில் படித்த தலைமுறைகள் கடனின் வலிமையை வீட்டிலேயே கண்டவை. சம்பள நாளில் தோட்டத்துக் கடையில் பற்றைத் தீர்த்துவிட்டு, மிஞ்சியதோடு லயத்துக்குத் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சிலப்பதிகாரம் படிக்கின்றனர். பற்றுப் புத்தகம் வைத்திருப்போனே உலகை ஆள்கின்றான் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது அவர்களுக்கு எளிதில் தோன்றும் எண்ணமே. அதனையே இளங்கோவடிகளும் சொன்னார் என்று ஆசிரியரும் சேர்ந்து சொல்வாராயின், காப்பியத்துக்கும் பிழை, கற்போர்க்கும் கேடு.

1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தபோது, பணம் உள்ளோர் தோட்டங்களை வாங்கிப் பிரித்து விற்றனர். உழைத்தோர் பலர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அவர்தம் பணம் தோட்டங்களை வாங்கியது. சிறு பணம் பெரும் பணத்தை அளவால் வெல்லவில்லை. விதியும் கணக்கும் சட்டமும் அதற்குத் துணை நின்றமையால் அது பயன்பட்டது. வெள்ளிடை மன்றத்துப் பொதியில் உரியவன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது போல, ஒவ்வொருவர் பங்கிலும் அவரவர் பெயர் இருந்தது.

சிலப்பதிகாரம் செல்வத்தை இகழும் நூல் அன்று. புகாரின் அங்காடியை இவ்வளவு ஆர்வத்தோடு பாடியவர் பொருளை வெறுப்பவர் ஆகார். பொருளுக்கு உரிய இடத்தை அவர் அளந்து காட்டினார். கோவலன் கையில் அது மாலையை வாங்கியது. பொய்யன் குடும்பத்துக்குச் சோறு இட்டது. மாசாத்துவான் கையில் தானமாயிற்று. மதுரை மன்றத்தில் மட்டும் அதற்கு நாவில்லை. அங்கே பேசியவள் கணவனும் பொருளும் அற்று, ஒற்றைச் சிலம்போடு நின்ற ஒரு பெண். அவள் வென்றது மாநாய்கன் மகள் என்பதனால் அன்று. தன் வழக்கைச் சான்றோடு எடுத்துரைக்கத் தெரிந்ததனால். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழக்குரை காதையை நடத்துவோர் இதனை ஒருநாளும் விட்டுவிடலாகாது.